களவும் பிரதியும்: ஒரு விதித் தொகுப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சில ஆண்டுகளுக்கு முன்பு வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். பருவத் தேர்வு நடந்த ஒரு பிற்பகல். நான் அறைக் கண்காணிப்பாளர். இரண்டாவது வரிசையில் இருந்த மாணவியின் உள்ளங்கையில் நீல மையில் சில எழுத்துகள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். பறக்கும் படையில் வந்தவர் பார்த்துவிட்டார். கையை விரிக்கச் சொன்னார். கு, மி, கூ, மா, வ என்று வரிசையாகப் பத்து எழுத்துகள். நன்னூல் பாயிரத்தில் வருகிற பத்துக் குற்றங்களின் முதலெழுத்துகள் அவை.

விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவன் என்பதால் நானும் போனேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே நின்றாள். அலுவலக ஊழியர் பழைய கோப்பிலிருந்து, முந்தைய வருசம் பிடிபட்ட ஒரு பையன் எழுதிய கடிதத்தை உருவிக் கொடுத்தார். "இதைப் பார்த்து அப்படியே எழுதும்மா, பேரையும் நம்பரையும் மட்டும் மாத்திக்க" என்றார். அவளும் அப்படியே எழுதினாள். அடியில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரி. எனக்கு எம்.ரெட்டியபட்டி. திரும்பும்போது ஒரே பஸ். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலும் சீமைக்கருவேலமும் கண்ணுக்கெட்டின மட்டும் போய்க்கொண்டிருந்தன. இறங்கும்போது கேட்டாள்: "சார், காப்பி அடிச்சதுக்கு மன்னிப்பு லெட்டரையும் காப்பி அடிச்சுத்தான எழுதச் சொன்னாங்க. அது மட்டும் தப்பில்லையா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே விரித்துப் பார்க்க முயல்கிறேன். கல்விசார் 'நேர்மை' என்று நம் நிறுவனங்கள் பேசும்போது அவை எதைக் காக்கின்றன? யாரைச் சந்தேகிக்கின்றன? யாரிடமிருந்து எடுக்கப்படுவது 'திருட்டு' என்று பெயர் பெறுகிறது, யாரிடமிருந்து எடுக்கப்படுவது 'ஆய்வு' என்று பெயர் பெறுகிறது?

2

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் ஓர் ஒழுங்குவிதித் தொகுப்பை வெளியிட்டது. கல்விசார் நேர்மையை வளர்ப்பதும் கருத்துத் திருட்டைத் தடுப்பதும் அதன் நோக்கம் என்று தலைப்பே சொல்கிறது. இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிப்போம்.

பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவதைத் திருட்டு என்று வரையறுத்துவிட்டு, உடனே அதை விழுக்காடாக மாற்றிவிடுகிறது இந்தப் பிரதி. ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை பிற எழுத்தோடு ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து.

இதே குற்றத்தை ஆசிரியர் செய்தால்? 60ஐத் தாண்டினாலும் அந்த எழுத்தைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, மூன்று ஆண்டுக்குப் புதிய ஆய்வாளர்களுக்கு நெறியாளராக முடியாது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் பணிநீக்கம் வரை பேச்சு வருகிறது. ஒரே அளவு திருட்டுக்கு மாணவனுக்குப் படிப்பு போகிறது. வாத்தியாருக்கு இன்கிரிமென்ட் போகிறது. இத்தனைக்கும், கருத்துத் திருட்டு பற்றி இந்தியா முழுக்கப் பேச வைத்த விவகாரங்களில் ஒன்று மாணவர் சம்பந்தப்பட்டதே இல்லை. குமாவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஒருவர், வெளிநாட்டு இயற்பியலாளரின் கட்டுரையைத் திருடியது விசாரணையில் தெரியவந்து, 2003இல் பதவி விலக நேர்ந்த விவகாரம் அது.

இன்னொன்று. இந்த விதி முதுநிலை, ஆய்வு நிலை ஏடுகளையும் வெளியீடுகளையும் பற்றியது. தேர்வு விடைத்தாளும் வகுப்புக் கட்டுரையும் இதில் சேராது என்று பிரதியே விலக்கிவிடுகிறது. ஆகக் களவுக்கு இரண்டு நீதிமன்றங்கள். மேலே இருப்பவருக்குக் குழு, விளக்கம் கேட்பது, கெடு, விழுக்காடு. கீழே பி.ஏ. படிக்கிற பிள்ளைக்குப் பறக்கும் படை, கையை விரி, கடிதம் எழுது. ஆய்வாளருக்குக் கிடைக்கும் அந்த 10 விழுக்காட்டு மன்னிப்புகூட உள்ளங்கையில் பத்தெழுத்து எழுதியவளுக்குக் கிடையாது.

இந்தப் பிரதி எந்த மொழியை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பொதுவாகத் தெரிந்த சங்கதி, தற்செயலாக ஒத்துப்போகும் தொடர் என்ற வகையில் தொடர்ச்சியாக 14 சொல் வரை கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆங்கிலத்தில் 14 சொல் என்பது ஒரு சாதாரண வாக்கியம். தமிழில்? ஒரு குறளுக்கு ஏழு சீர். இரண்டு குறள் இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடும். வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொள்ளும் மொழியில் 14 சொல்லில் ஒருவருடைய முழு வாதத்தையும் தூக்கிவிடலாம். அடுத்து, 'அவன் சொல்லியிருக்கிறான்' என்பதை 'அவர் கூறியுள்ளார்' என்று மாற்றிவிட்டால் சொல்லைச் சொல்லோடு ஒப்பிடும் கருவி ஏமாந்துபோகும். பாமினியிலும் வானவில்லிலும் அடித்துப் பைண்டிங் செய்து அடுக்கப்பட்ட பழைய தமிழ் ஆய்வேடுகளோ அதன் கண்ணில் படவே படாது.

2019இலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு இந்த ஒப்பீட்டு மென்பொருளை வழங்கும் அரசுத் திட்டத்துக்கு 'ஷோத் சுத்தி' என்று பெயர். ஆய்வைச் சுத்தி செய்வது. 'சுத்தி' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன வரலாறு என்பது இதை வாசிக்கிற தோழர்களுக்குத் தெரியும். தீட்டுப் பட்டவர்களைத் தூய்மையாக்கி உள்ளே எடுப்பதாகச் சொன்ன சடங்கின் பெயர் அது. குற்றத்தைத் தீட்டாகவும் விசாரணையைச் சடங்காகவும் பார்க்கிற மனம், மென்பொருளுக்குப் பெயர் வைக்கும்போதும் அதே சொல்லைத்தான் தேடிப் பிடிக்கிறது.

3

'பழைய காலத்தில் குருவும் சீடனும் நேர்மையாக இருந்தார்கள், இந்த மெக்காலே கல்விதான் கெடுத்தது' என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெண்ணின் உள்ளங்கைக்கே திரும்பிப் போய் இதைச் சரிபார்க்கலாம்.

பவணந்தி சொல்லும் பத்துக் குற்றங்கள்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பிறர் நூலிலிருந்து எடுப்பது இந்தப் பட்டியலில் இல்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்து, முன்னோரை வழிமொழிவதை முறையாகவே வைத்திருந்த மரபு அது. பிற நூல் முடித்துச் சொன்னதைத் தானும் ஏற்பது அங்கே ஓர் உத்தி.

ஆனால் அதே பாயிரத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது: யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்பது. குடியன், சோம்பேறி, நோயாளி, தூங்குமூஞ்சி, பழைய நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறுகிறவன் என்றெல்லாம் அடுக்கும்போது 'கள்வன்' அங்கே வந்துவிடுகிறான். அவனுக்கு இரண்டு பேர் தள்ளி 'ஏழை'. உரைகாரர்கள் இந்த ஏழைக்கு அறிவு குறைந்தவன் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அது சரியான உரையே. ஆனால் எங்க ஊர்ப் பிள்ளை அந்தப் பட்டியலை இன்றைக்கு வாசித்தால் அவளுக்கு எந்தப் பொருள் தோன்றும்?

ஆக, களவு ஒரு செயலாக நூலுக்குரிய குற்றப் பட்டியலில் இல்லை. கள்வன் ஒரு ஆளாக மாணவர் தேர்வில் நிற்கிறான். எழுதியதைச் சோதிக்கும் முன்பு வந்திருப்பவனைச் சோதிப்பது என்கிற வழக்கம் நவீனக் கல்வி கொண்டுவந்தது மட்டும் அன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நவீன அரசு இதை எந்திரமாக்கியது. 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம், பிறப்பை வைத்தே ஆட்களைக் களவுக்காரர்களாகப் பதிவு செய்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது வந்தது. ரேகை எடுப்பதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் மதுரைப் பக்கம் 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகள் திறக்கப்பட்டன. முதலில் திருடன் என்று பதிவு, பிறகு சீர்திருத்தக் கல்வி. சட்டம் போன பிறகும் பல பத்தாண்டுகள் பள்ளிகள் அந்தப் பெயரோடுதான் இயங்கின. தேர்வு என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தலையும் ஒன்றாகக் கட்டுகிற நுட்பம் என்று ஃபூக்கோ 1975இல் எழுதியதை நாம் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் வட்டாரத்தில் இதை அறிய ஃபூக்கோ தேவைப்படவில்லை. கையை விரிக்கச் சொல்லி ரேகை எடுத்த நினைவு இங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது.

4

சரி, 2018க்கு வருவோம். அந்த வருசத்தைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தாலே போதும்.

பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் கேட்டு வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். ஜூனில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலையில் மானியக் குழுவின் நேர்மை விதிகள் வந்தன. ஆகஸ்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்–மே தேர்வு மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டப்பட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. அந்த மறுமதிப்பீட்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருந்தன.

இவற்றுக்கு நடுவே ஏப்ரலில் அருப்புக்கோட்டை. எங்கள் ஊரிலிருந்து காய்கறிக்கும் துணிக்கும் கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் போகிற டவுன். அங்குள்ள தேவாங்கர் கலைக் கல்லூரியின் கணிதத்துறை உதவிப் பேராசிரியர் நிர்மலாதேவி, நான்கு மாணவிகளிடம் தொலைபேசியில் பேசிய பேச்சு வெளியே வந்தது. பல்கலைக்கழக உயர்மட்டத்தில் இருப்பவர்களுக்கு 'இணங்கினால்' மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்பது அந்தப் பேச்சின் சாரம். மாணவிகள் மறுத்தது அதே ஒலிப்பதிவில் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே கல்லூரியில் புகார் கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் 16 அன்று அவர் கைதானார். ஆளுநர் ஒருநபர் குழு அமைத்தார். அதைப் பற்றிப் பேசக் கூட்டிய செய்தியாளர் சந்திப்பிலேயே, கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளர் ஒருவரின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கு மாதிரி எதுவும் தேவைப்பட்டிருக்காது. 2024 ஏப்ரல் 30 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் நிர்மலாதேவிக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் ஒருவரும் ஆய்வு மாணவர் ஒருவரும், விடுவிக்கப்பட்டார்கள். பேச்சில் வந்த அந்த 'உயர்மட்டம்' யார் என்ற கேள்விக்கு இந்தத் தீர்ப்போடு பதில் கிடைத்துவிடவில்லை.

இது பாலியல் சுரண்டல் முயற்சி. வழக்கும் அப்படித்தான் நடந்தது, அதில் மறுபேச்சு இல்லை. மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்பு விதிகளிலும் சலுகை காட்டி இணங்கச் சொல்வது குற்றம்தான். ஆனால் அது வேறு கோப்பு. 'கல்விசார் நேர்மை' என்று மேலே எழுதிய கோப்பைத் திறந்தால் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவர் அதை என்ன செய்கிறார் என்ற கேள்வியே இல்லை. 100க்கு 25 என்று அகமதிப்பீட்டு மதிப்பெண் வாத்தியார் கையில் இருக்கிறது. நெறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது. இந்த உறவில் என்னென்ன பண்டமாற்று நடக்கிறது, எத்தனை ஆய்வாளர்கள் நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போகிறார்கள், எத்தனை பேர் நெறியாளரின் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாம் பெயராக நிற்கிறார்கள் என்பதற்கு விழுக்காடு கிடையாது. மதிப்பெண்ணை விலைபேசுவது கல்விசார் நேர்மையின்மை இல்லையென்றால் வேறெது?

அந்த நான்கு பெண்களை நம் சொல்லாடல் 'பாதிக்கப்பட்டவர்கள்' என்று மட்டுமே பேசியது. நான் அவர்களை வேறு மாதிரியும் வாசிக்கிறேன். உழைக்காமல் கிடைக்கிற மதிப்பெண் வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த வருசத்தில் தமிழ்நாட்டு உயர்கல்வியில் நேர்மை விதியை யாராவது கடைப்பிடித்தார்கள் என்றால் இந்தப் பிள்ளைகள்தான். அதற்கான சாட்சியம் எதில் இருந்தது? கல்லூரி வாசலில் எதைப் பறிமுதல் செய்கிறோமோ, தேர்வறையில் எதைக் கண்டால் 'மால்பிராக்டிஸ்' என்கிறோமோ, அந்தக் கைபேசியில். சொன்னதைச் சொன்னபடி பிரதி எடுத்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

இன்னொரு பிரதியையும் இங்கே நினைவூட்ட வேண்டும். தன் விடைத்தாள் எப்படித் திருத்தப்பட்டது என்று பார்க்கும் உரிமை, தகவல் அறியும் சட்டத்தின்படி தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. இந்த உரிமையைப் பற்றி எந்தக் கல்லூரி முதலாண்டு மாணவருக்குச் சொல்கிறது? பிட்டு வைத்தால் என்ன தண்டனை என்பது நுழைவுச் சீட்டின் பின்புறத்திலேயே அச்சாகி வருகிறது.

5

இவ்வளவு சொன்னதும் நம் ஆட்களில் சிலருக்கு உற்சாகம் வந்துவிடும். 'ஆசிரியன் செத்துவிட்டான், எல்லாப் பிரதியும் மேற்கோள்களால் நெய்யப்பட்டதே, திருட்டு என்பது முதலாளியச் சொத்துடைமைக் கருத்தாக்கம், காப்பி அடிப்பதே எதிர்ப்பு' என்று முடித்துவிடலாம். இப்படி நானும் பேசியிருக்கிறேன். இப்போது உடன்பட முடியவில்லை.

ரோலான் பார்த் 1968இல் ஆசிரியனின் மரணத்தை எழுதியபோது, பொருளுக்கு இறுதி உரிமையாளன் என்ற பீடத்திலிருந்து அவனை இறக்கினார். உழைத்தவரின் பெயரைச் சுரண்டி எடுக்க லைசென்ஸ் கொடுக்கவில்லை. எழுத்துக்காக ஒருவரைத் தண்டிக்க முடியும் என்ற நிலை வந்தபோதுதான் எழுத்துக்கு 'ஆசிரியர்' என்று ஓர் ஆள் தேவைப்பட்டார் என்று ஃபூக்கோ அடுத்த ஆண்டில் சொன்னது நமக்கு இன்னும் பயன்படும். ஆனால் நாம் இதை வைத்து என்ன செய்தோம்? சிறுபத்திரிகைகளில் கோட்பாட்டு அலை அடித்த காலத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கில அறிமுக நூல் ஒன்றின் அத்தியாயத்தைச் சுருக்கி, மூலத்தின் பெயர் இல்லாமல், சொந்தச் சிந்தனை போலப் போட்ட கட்டுரைகள் எத்தனை? பிடிபட்டபோது 'எல்லாம் ஊடிழைப்பிரதி' என்று சமாளித்ததும் உண்டு. நான் எழுதிய முதல் இரண்டு கட்டுரைகளை இந்தக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

'பிரதி' என்ற சொல்லையே கவனியுங்கள். நாம் கோட்பாட்டில் எழுத்துக்கு வைத்த பெயரும் அதுதான். ஜெராக்ஸ் கடையில் நகலுக்குச் சொல்லும் பெயரும் அதுதான். இந்த இரட்டைப் பொருளின் வசதியில் நாம் நீண்ட காலம் குளிர்காய்ந்துவிட்டோம். யார் யாரிடமிருந்து எடுக்கிறார் என்று கேட்காமல் எடுத்தலைக் கொண்டாடுவது அதிகாரத்துக்குச் சாதகமாகத்தான் முடியும். ஏன் என்பதற்கு நானே சாட்சி.

6

எம்.ஏ. முடித்து வேலை இல்லாமல் திரிந்த 2013, 2014 ஆண்டுகளில் நான் காசுக்கு எம்.ஃபில். ஆய்வேடு எழுதிக் கொடுத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் 'ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங், புராஜெக்ட்' என்று போர்டு வைத்த கடைகள் வழியாக ஆள் வரும். ஏடு ஒன்றுக்கு ஏழாயிரம் ரூபாய், டைப்பிங் தனி. மொத்தம் நான்கு ஏடுகள். எம்.ஃபில். படிப்பையே மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டது. அந்த நான்கு ஏடுகளும் எங்கோ ஒரு நூலகத்தின் மேல்தட்டில் தூசியோடு இருக்கும்.

அதில் ஒன்று நாட்டுப்புறவியல். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஒப்பாரிகள். காசு கொடுத்தவர் என் வயதுக்காரர், அவர் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. களஆய்வுக்குப் போக அவருக்கு நேரமில்லை, பகலில் ஒரு துணிக்கடையில் நின்றார். எனக்கும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணையில் இருந்தாள்.

எம்.ரெட்டியபட்டியில் அவள் போகாத கேதம் கிடையாது. பருத்தி எடுக்கிற காட்டிலும், மல்லி பிடுங்குகிற காட்டிலும் அவள் முன்பாட்டுப் பாடினால்தான் நிரை நகரும். எட்டு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். எந்த வரி தன் ஆத்தாளுடையது, எந்த வரியைத் தானே கட்டினாள், எதை வாழவந்த இடத்தில் கற்றுக்கொண்டாள் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொன்னாள். "இது நான் கட்டுனது இல்லய்யா, மேலத்தெரு பெரியாத்தா கட்டுனது. அவ பேரைச் சொல்லாமப் பாடினா கேதத்துல வந்து ஏசுவா" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் மூலத்தைச் சொல்லும் ஒழுக்கம் இருந்தது. எம்.ஏ. படித்த நான் அந்தப் பெயர்கள் அத்தனையையும் விட்டுவிட்டேன், ஏட்டின் வடிவத்தில் அதற்கு இடமில்லை என்று. பின்னிணைப்பில் அவள் இப்படி ஆனாள்: தகவலாளி எண் 7, பெண், வயது 70, கூலி வேலை, எழுத்தறிவு இல்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் 'அரிய களஆய்வு' என்று பாராட்டியதாக அந்த நண்பர் வந்து சொன்னார். அப்பத்தாளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு ரொம்ப சந்தோசம்.

இப்போது அந்த ஏட்டை மானியக் குழுவின் மென்பொருளில் போட்டால் என்ன வரும்? பாடல்களின் பகுதிக்கு ஒற்றுமை பூச்சியம் விழுக்காடு. அவள் பாட்டு எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அச்சில் இருப்பவரிடமிருந்து எடுத்தால் இந்த விதி துல்லியமாகப் பிடிக்கும். அச்சுக்கு வெளியே நிற்பவரிடமிருந்து முழுசாக எடுத்தால் 'சொந்த ஆய்வு' என்று சான்றிதழ் தரும். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்த நாட்களில் இது இன்னும் வெட்டவெளிச்சம். உலகத்தார் எழுதியதையெல்லாம் தின்றுவிட்டு எந்திரம் கக்குகிற வாக்கியத்துக்கும் ஒற்றுமை விழுக்காடு குறைவாகத்தான் வரும். எழுத்தின் மேல்தோலை அளக்கிற கருவியால் உழைப்பை அளக்க முடியாது.

'காப்பி அடிப்பதே எதிர்ப்பு' என்ற வாதத்தை நான் கைவிட்டதற்கு இதுதான் காரணம். என் களவு யாரை எதிர்த்தது? பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஏடு கூடியது, நெறியாளரின் கணக்கில் ஒரு பட்டம் கூடியது. இழந்தது அப்பத்தாளும், பெயர்கூடத் தெரியாத அந்த மேலத்தெருப் பெரியாத்தாளும்தான்.

7

அப்பத்தா இறந்து சில வருசம் ஆகிறது. இந்தக் கட்டுரையில் அவள் பெயரைப் போட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போட்டால் அந்த ஏட்டைத் தேடிப் பிடிப்பது எளிது. அந்த நண்பர் இன்றைக்கு ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அவர் சோற்றில் மண் விழும். அத்தையிடம் கேட்டேன். "செத்தவ பேரைப் பத்திரிகையில போட்டா அந்தப் பட்டம் அவ பேருக்கு வந்துருமாக்கும்? இருக்கிறவனைப் பிழைக்க விடு. உன் பேரைப் போட்டு நீ வாங்கிக் கட்டிக்க" என்றாள். அத்தை சொன்னபடி செய்திருக்கிறேன்.

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த விதிகள் பார்க்கிற திசையை மாற்ற வேண்டும் என்கிறேன். அதற்காகத் தெருவில் இறங்கிப் பேசக்கூடிய கோரிக்கைகள் உண்டு. மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒரே குற்றத்துக்கு ஒரே அளவுகோல் வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமையும், விடைத்தாளின் பிரதியைப் பெறும் உரிமையும், தண்டனை விதிகள் அச்சாகிற அதே தாளில் அச்சாக வேண்டும். பாடியவர், கதை சொன்னவர், தொழில்நுட்பம் சொல்லித் தந்தவர் தங்களுக்குச் சம்மதம் என்றால் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பெயரோடு வர வேண்டும். 'தகவலாளி' என்ற சொல்லைத் தமிழ்த்துறைகள் கைவிட வேண்டும். பிடிபட்ட மாணவரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கும் முன், எது அவருக்குப் படிக்க முடியாமல் போனது என்று ஒரு வாத்தியாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்பாட்டுக் கட்டுரையோ, வட்டார வழக்கு நாவலோ, எதை எழுதினாலும் யாரிடமிருந்து கேட்டீர்கள் என்பதை, அவர் சம்மதித்தால், எழுதிவிடுங்கள். அகராதிக்குச் சொல் கொடுத்த கிழவிகள், கதைக்குச் சம்பவம் கொடுத்த கூலிக்காரர்கள் என்று நம் புத்தகங்களுக்குப் பின்னால் எண் போட்ட தகவலாளிகள் நிறைய நிற்கிறார்கள்.

உள்ளங்கையில் எழுதிய அந்தப் பெண் அடுத்த பருவத்தில் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ மில் வேலைக்குப் போயிருப்பாள். அவள் கேட்ட கேள்விக்கு இவ்வளவு நாள் கழித்து இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். தப்புத்தான் தாயி. அந்தக் கடிதத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து.